தோற்றவருக்கு ஆரத்தி

பள்ளிப் படிப்போடு நின்றுவிட்டவன் நான். எழுத உட்கார்ந்ததே அதிகப்படி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒகேனக்கல் போகும் பேருந்து டயர் பஞ்சராகி நல்லம்பள்ளியில் நிற்கிறது. டீக்கடை வாசலில் ஓர் அம்மா ஆரத்தித் தட்டோடு சாலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"யாருக்குங்க ஆரத்தி?" தயங்கித்தான் கேட்கிறேன்.

"எங்க வக்கீலுக்குங்க. மந்திரியா இருந்தாரே, அவருதான். இன்னிக்கு ஊருக்குத் திரும்பறாரு."

டீ ஆற்றுகிறவர் சிரிக்கிறார். "எலெக்சன்ல தோத்தவருக்கு ஆரத்தி எடுக்கற ஒரே ஆளு இந்த அக்காதாங்க."

"நீ சும்மா இருப்பா. அவரு மந்திரியானதும் எங்க நெலத்துக் கேசை ஜூனியர்கிட்ட வுட்டுட்டுப் போனாரு. வூட்டுக்காரரு தீர்ப்பைப் பாக்காமயே போயிட்டாரு. இனிமே வக்கீலுக்கு மெட்ராசுல என்ன வேலை? நாளைக்கு வாய்தா. கறுப்புக் கோட்டு மாட்டிக்கிட்டு வந்துதான ஆவணும்?"

கார் வருகிறது. அம்மா சாலையில் இறங்கி மறிக்கிறார். முன்னாள் மந்திரி தனியாக இறங்கி நிற்கிறார். கற்பூரம் காற்றில் அணைந்து அணைந்து எரிகிறது. மூன்று சுற்று சுற்றி, அவர் நெற்றியில் பொட்டு வைக்கிறார் அம்மா. முன்னாள் மந்திரிக்குக் கண் கலங்கிவிடுகிறது.

"தோத்த பின்னால யாரும் எம்மொகத்தைக்கூடப் பாக்கலம்மா. நல்லா இருங்க. நீங்க எந்த ஊருங்க?"

அம்மா தட்டோடு ஒதுங்கிக் காருக்கு வழிவிடுகிறார். கார் போன பிறகு ஆரத்தி நீரைச் சாலையோரம் ஊற்றுகிறார்.

மறுநாள் திரும்பும்போது அதே கடையில் விசாரித்தேன். கோர்ட்டுக்கு ஜூனியர்தான் வந்தாராம். வழக்கைத் தள்ளி வைத்துவிட்டார்கள்.