அடுத்த வார்ம் வரும் வரை

எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் புதிதாகச் சேருகிறவனை ஆங்கிலத்தில் 'வார்ம்' என்பார்கள். புழு. கேட்டால் வசவு மாதிரி இருக்கும். அங்கே அது ஒரு பதவி. சேற்றுத் தொட்டியைக் கழுவுவது, குழாயின் மரைக்கு வெறுங்கையால் கிரீஸ் தடவுவது, எல்லார் தப்புக்கும் திட்டு வாங்குவது அவன் பாடு. அடுத்த புதுசு வந்ததும் அந்தப் பேர் இவனை விட்டு அவனுக்குப் போய்விடும்.

எங்கள் வார்மின் தலையெழுத்து, அவனுக்குப் பிறகு கம்பெனி ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டது. மீசை நரைத்தும் வார்ம்தான். ஷிப்ட் மாறினால் வீட்டுக்குப் போன் செய்து சொல்வது என் வேலை. ஒரு தடவை வாய் தவறி, "வார்ம் இருக்கானா?" என்று கேட்டுவிட்டேன். அவன் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரருக்குப் பேர் இருக்கு. இன்னொரு தடவ அப்படிக் கூப்பிட்டீங்கன்னா நல்லா இருக்காது."

கடைசியில் கம்பெனி ஒரே ஒரு ஆள் கேட்டது. இவன் ரிக்கை இயக்கும் எங்கள் தலைவர் டிரில்லரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மனைவியின் தம்பியையே கொண்டுவந்து சேர்த்தான். பாசமாம்! "ஏய் வார்ம்!" என்று முதலில் கூப்பிட்டவனும் இவன்தான். அன்று முகத்தில் கல்யாணக் களை.

குழாயை முறுக்கும் டாங் என்பது ஆள் உயர ஸ்பானர். கைப்பிடியை விட்டு அதன் வாயருகே பிடித்தால் விரல் போய்விடும்.

"மாமா, இங்கதான பிடிக்கணும்?" என்றான் மச்சினன்.

அவன் கை இருந்த இடத்தை இவன் நன்றாகப் பார்த்தான்.

"எனக்கு யாருடா சொல்லித் தந்தா? வார்முக்கு யாரும் சொல்லித் தர மாட்டாங்க."

டிரில்லர் விசையை இழுத்தார். மூன்று விரல்கள் கையுறைக்குள்ளேயே தங்கிவிட்டன.

மச்சினன் வேலைக்குத் திரும்பவில்லை. அக்கா வீட்டில்தான் கட்டோடு கிடந்தான். நடந்த எதையும் அவளிடம் மறைக்கவில்லை. அவன் இடத்துக்குக் கம்பெனி வேறு ஆளும் எடுக்கவில்லை.

"வார்ம், தொட்டியக் கழுவு" என்றார் டிரில்லர். இவன் வாளியை எடுத்துக்கொண்டான். எனக்கு இரக்கமே வரவில்லை.

அடுத்த வாரம் ஷிப்ட் மாறியது. போன் செய்தேன். பழைய திட்டு நினைவில் இருந்ததால், "சார் இருக்காராம்மா?" என்று பவ்வியமாகக் கேட்டேன்.

அவள் உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"வார்ம்! உனக்குத்தான் போன், வா."