டிவியோடு வந்தவள்

போன வாரம் பக்கத்து வீட்டுக்குப் புது டிவி வந்தது. பைக்கின் பின்னால் உட்கார்ந்தவன் ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். பார்க்கவே எரிச்சலாக இருந்தது. அது என்ன டிவி, கனமே இல்லாமல்? பெட்டியைப் பிரித்ததும் தெர்மாகோல் வாசம் எங்கள் வாசல்வரை வந்தது. எனக்கோ வேறு வாசம் நினைவுக்கு வந்தது. சூடேறிய மரமும் தூசியும் கலந்த வாசம்.

என் மாமனாரின் டிவி அது. மரப்பெட்டி, இழுத்து மூடும் கதவு, கறுப்பு வெள்ளைப் படம். தூக்க மூன்று ஆள் வேண்டும். எனக்கு அப்போது கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை. இரண்டாயிரத்து ஏழோ எட்டோ. மாமனார் இறந்த துக்கத்தில் என் மனைவி மல்லிகா கடம்பத்தூரில் தாய்வீட்டிலேயே இருந்துவிட்டாள். கூப்பிடப் போனால் ஒரே பேச்சு.

"அப்பா டிவியும் வரணும். வழில ஒடைஞ்சிதுன்னா அதே வண்டில திரும்பிடுவேன்."

புருஷனைவிட டிவி பெரிதா என்று கொதித்தேன். ஆனாலும் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி பிடித்தேன்.

டிரைவர் பாபு ஆந்திர எல்லைப் பக்கத்து ஆள். வண்டியில் மெத்தையை விரித்து, "மல்லாக்கப் படுக்க வச்சிடலாம் நைனா, ஆடாது" என்றான்.

மாமியார் குறுக்கே வந்து நின்றார். "இந்த ஊட்லேர்ந்து ஒருத்தரப் படுக்க வச்சி எடுத்துகினு போனது போதும்."

பாபு மெத்தையைச் சுருட்டி ஓரம் வைத்தான். படுக்க வைத்திருந்தால் பிக்சர் டியூபின் கழுத்து முறிந்திருக்கும். அது அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

நிற்க வைத்தால் திரைக் கண்ணாடிப் பக்கம் கனத்துச் சாய்ந்தது. மல்லிகா வண்டியின் பின்பக்கம் ஏறி, கேபின் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக் கட்டிக்கொண்டாள். நான் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். டிவியின் கதவு மூடாமல் கிடந்தது. இருண்ட கண்ணாடியில் அவள் முகம், என் முகம், பின்னால் வானம். டிவிக்கு மேலே நிஜ மரங்கள் எங்களை விட்டுப் போய்க்கொண்டிருந்தன. கண்ணாடிக்குள் மரங்கள் வந்துகொண்டே இருந்தன. தாமரைப்பாக்கம், பெரியபாளையம். எங்கிருந்தோ வேப்பிலை வாசம். கோபத்தை எங்கே விட்டேனோ, தெரியவில்லை.

கவரைப்பேட்டைக்கு முன்னால் ஒரு பள்ளம். பெட்டிக்குள் 'டக்' என்றது. மல்லிகா என்னைப் பார்க்கவில்லை. கம்பெனிப் புகை தெரியும்வரை பெட்டியில் காதை வைத்தபடியே வந்தாள்.

கும்மிடிப்பூண்டியில் என் அறையில் இறக்கி வைத்து, ஆன்டெனா வயரைச் செருகி ஸ்விட்சைப் போட்டேன். பாபு கிளம்பாமல் வாசலில் நின்றான்.

"இன்னாடா நிக்கற?"

"திரும்ப சவாரி இருக்குதான்னு தெரியணுமில்ல, நைனா."

முதலில் வெறும் இரைச்சல். பிறகு யாரோ செய்தி வாசிக்கும் குரல். திரை இருட்டாகவே இருந்தது. மல்லிகா என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். நடுவில் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. மெல்லப் பரவி ஒரு பெண்ணின் முகமானது.

மல்லிகா திரும்பினாள். "நீ கெளம்புண்ணா."

அந்த டிவி சில வருஷம் ஓடியது. அப்புறம் அதற்கு டியூப் கிடைக்கவில்லை, பார்க்கிற மெக்கானிக்கும் கிடைக்கவில்லை. இப்போது ஸ்விட்சைப் போட்டால் போதும், கம்பெனி பெயர் பளிச்சென்று வந்து நிற்கிறது. குரல் வந்தும் முகம் வராத அந்தக் கொஞ்ச நேர இருட்டு எந்த டிவியிலும் இல்லை.