நூற்று முப்பது முருகன், ஒரு கல்யாணப் படம்

க்ளிக்.

பெர்மாஸ் ஜெயாவில், என் வீட்டுப் பக்கத்துக் கோப்பிக் கடையில், பக்கத்து மேசையில் யாரோ டேப்ளெட் திரையைப் படம் பிடிக்கிறார்கள். சத்தத்தை அடைக்கத் தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பல்லி சொல்வதுபோல ஒரு சின்னச் சத்தம்தான். ஆனால் கேட்டதும் குடிப்பதை நிறுத்திவிடுகிறேன். கையில் ஒரு கிளாஸ் தே தாரிக் ஆறுகிறது. நான் மறுபடியும் பெக்கோக்கில், அக்கா வீட்டு மின்விசிறிக்குக் கீழே, வியர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரு படம் மறைந்துவிடும். அதற்குள் அதை அக்காவின் டேப்ளெட்டில் பிடித்து வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

படத்தில் அக்கா மகன். கழுத்தில் மாலை. பக்கத்தில் மாலையோடு ஒரு பெண். “அந்தப் பொண்ணக் கட்டுறதா இருந்தா இந்த வாசப்படி ஏறாத” என்று அக்கா சொல்லி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவனும் ஏறவில்லை, போனும் இல்லை. சிங்கப்பூரில் வேலை என்று காற்றுவாக்கில் வந்த செய்தி மட்டும். முந்தைய நாள் திடீரென்று அவன் ஸ்டேட்டஸில் கல்யாணக் கோலம். இருபத்து நாலு மணி நேரம் இருக்கும், பிறகு தானாகப் போய்விடும். அக்காவின் எண்ணை அவன் அழிக்கவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது. என் எண்ணை என்றோ அழித்துவிட்டான். அக்கா பக்கம் பேசிய மாமன் நான். ஆகவே எனக்கு அந்தப் படம் வராது. ஆகவே அக்கா போனில் கூப்பிட, காலையிலேயே இரண்டு மணி நேரம் கார் ஓட்டினேன்.

டேப்ளெட்டின் ஓரத்தில் இரண்டு பட்டன். திரையை அணைக்க ஒன்று, சத்தத்தைக் குறைக்க ஒன்று. இரண்டையும் ஒரே நொடியில் அமுக்கினால் திரையில் இருப்பது படமாகிவிடும். ஒன்று முந்தினால் திரை அணைந்துவிடும். அக்காவுக்கு எப்போதும் ஒன்று முந்தும். பதறிப்போய் மறுபடி அமுக்குவாள், பூட்டுத் திரை எரியும், அதில் அவள் வைத்திருக்கும் முருகன் சிரிப்பார். அப்போது பார்த்து அவள் விரல்கள் இரண்டும் ஒன்றாக, அழகாக, அமுங்கும். க்ளிக்.

“புடிச்சிட்டேன் தம்பி!”

“எதப் புடிச்ச?”

“...முருகன.”

பள்ளிக்கூட கேண்டீனில் முப்பது வருடம் ரொட்டி சானாய் தட்டிய விரல்கள் அவை. சூடு அவற்றுக்குத் தெரியாது. அவை தொடுவது திரைக்கும் தெரியாது. போதாக்குறைக்கு அந்தக் கல்யாணப் படம் ஐந்தாறு நொடியில் ஓடிவிடும். ஓடாமல் நிற்க ஒரு விரலைத் திரைமேல் அழுத்தி வைத்திருக்க வேண்டும். டேப்ளெட்டைத் தாங்க ஒரு கை, படத்தை நிறுத்த ஒரு கை, பட்டனுக்கு ஒரு கை.

“மூணு கைக்கு நான் எங்கடா போவேன்? பன்னெண்டு கை இருக்கிறவருதான் அமுக்கணும்” என்றாள் அக்கா.

என் போனால் திரையைப் படம் எடுத்துப் பார்த்தேன். அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

“பொண்ணு மூஞ்சிமேல ஒன் சொட்டத்தலை தெரியுது. எனக்கு வேணாம் லா.”

பதினொன்றரை. பொறுமை போய், டேப்ளெட்டைப் பிடுங்கி நானே அமுக்கினேன். க்ளிக் வரவில்லை. சேமிக்க இடமில்லை என்று ஒரு வரி வந்தது. படங்கள் இருக்கும் பெட்டியைத் திறந்தேன். முருகன். அடுத்ததும் முருகன். விரலால் தள்ளத் தள்ள, வரிசை வரிசையாக, ஒரே சிரிப்போடு நூற்று முப்பது முருகன். முந்தைய நாள் சாயங்காலத்திலிருந்து அன்று காலை வரை அவள் பட்ட பாடு முழுவதும் அங்கே மயில் வாகனத்தில் நின்றது.

“எல்லாத்தையும் அழிக்கிறேன்.”

“எங்க போகும்?”

“இந்தா, இந்தக் குப்பைத் தொட்டிக்கு.”

என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். “சாமி படத்தக் குப்பையில போடுவியா? பழைய காலண்டரையே கோயில்ல கொண்டு வெச்சிட்டுத்தானே வர்றோம்?”

“அப்ப டேப்ளெட்டக் கோயில்ல வெச்சிட்டு வரவா? அக்கா, இது படம் இல்ல. வெளிச்சம். வெறும் வெளிச்சம்.”

“சாமியும் அதான.”

வரி வரியாய் வெளிச்சத்தைப் பற்றிக் கவிதை எழுதிப் பிழைக்கிறவன் நான், குப்பைத் தொட்டிமேலிருந்து விரலை எடுத்தேன். அவள் விரல் திரையில் இறங்கி ஓரிடத்தில் நின்றது.

“இது என்னா, இவ்ளோ பெரிசா?”

“நான் குளுவாங்ல கவிதை வாசிச்ச வீடியோ. ஒன்றரை மணி நேரம். போன வருசம் அனுப்பினேனே. பாத்தியா?”

“பாத்தேன். நீ மைக்கத் தட்டினியே, அது வரைக்கும்.” கொஞ்சமும் தயங்கவில்லை. “அத அழி.”

அழித்தேன். என் விரலாலேயே. இடம் கிடைத்தது.

பதினொன்று ஐம்பத்திரண்டு. படத்தை ஓடவிடாமல் நான் அழுத்திப் பிடித்திருக்க, பட்டனைத் தானே அமுக்குவதாகச் சொன்னாள். முதல் தடவை திரை அணைந்தது. “அலமாக்!” என்று பதறி மறுபடி அமுக்கினாள், திரை எரிந்தது. க்ளிக். நூற்று முப்பத்தோராவது முருகன். நான் என்ன சொன்னேன் என்பதை எழுத முடியாது. இரண்டாம் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கட்டைவிரலையும் மாவு பிசைவதுபோல ஊன்றினாள்.

க்ளிக்.

மகனும் மருமகளும் டேப்ளெட்டுக்குள் வந்து நின்றார்கள். இனி பன்னிரண்டு அடித்தாலும் போகமாட்டார்கள். அக்கா இரண்டு விரலால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பெரிதாக்கினாள், சிறிதாக்கினாள், மறுபடி பெரிதாக்கினாள். “இந்தச் சேலை இவளுக்கு எடுப்பா இல்ல. பச்சை கட்டியிருக்கலாம்” என்றாள்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டேப்ளெட் அக்குளில் இருந்தது.

“தம்பி, நான் பாத்தது அவனுக்குத் தெரியுமா?”

“தெரியும்க்கா. பாத்தவங்க பேரெல்லாம் அவனுக்கு வரும்.”

“எத்தன தடவ பாத்தேன்னு?”

“அது தெரியாது. ஒரு தடவ பாத்தாலும் நூறு தடவ பாத்தாலும் பேரு மட்டுந்தான் வரும்.”

கதவை விட்டாள்.

“அதையும் காட்டித் தொலைச்சா என்னவாம்?”