அறுப்பின் பண்டிகையில் மாறிய மெட்டு

எங்கள் அப்பா வாரத்தில் ஐந்து நாள் சர்க்கார் கோப்புகளுக்கு அடிமை, ஞாயிற்றுக்கிழமை ஆர்கனுக்கு. தொண்ணூறுகளில் டெல்லி கரோல் பாக்கிலிருந்து பஸ் பிடித்துப் போய் எங்கள் தமிழ்ச் சபையில் அவர்தான் வாசிப்பார். ஆனால் அந்த வருஷம் வந்த புதுப் போதகருக்குக் கீபோர்டு வாசிக்கும் இளைஞன் ஒருவன்மேல் கண். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையில் அப்பா எப்படி வாசிக்கிறார் என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

யாரும் எதையும் அறுக்காத ஊரில் அறுப்பின் பண்டிகை. தள்ளுவண்டிக்காரனிடம் பேரம் பேசி வாங்கிய காலிஃபிளவர்களைப் பீடத்தின் முன்னால் பயபக்தியோடு அடுக்கியிருந்தார்கள். ஆராதனைக்குச் சற்று முன்பு போதகர் ஆர்கன் பக்கம் வந்து, காணிக்கைப் பாட்டை வேறொரு மெட்டில் வாசிக்கச் சொன்னார். எங்கள் பாட்டுப் புத்தகத்தில் அடிகளின் அளவு ஒத்துப்போனால் ஒரு பாட்டின் மெட்டை இன்னொன்றுக்குப் போட்டுக்கொள்ளலாம்.

"அந்த மெட்டு வேண்டாம் பாஸ்டர். பழசே இருக்கட்டும்."

"வார்த்தை அதேதானே சார்? மெட்டு மட்டும்தானே மாறுது?"

அப்பா புத்தகத்தில் அந்த மெட்டின் பக்கத்தைப் புரட்டினார். முரண்டு பிடிக்க இன்றைக்குத்தானா நாள் கிடைத்தது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

முதல் சரணம் போதகர் சொன்ன மெட்டில் அழகாகப் போயிற்று. பாடகர் குழுவின் முன்வரிசையில் நின்ற அம்மா மட்டும் பாடவில்லை. புத்தகத்தை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்தார். இரண்டாம் சரணத்தில் சட்டென்று பழைய மெட்டுக்குத் தாவிவிட்டார். பாதிச் சபை ஒன்றிலும் பாதிச் சபை இன்னொன்றிலும் பாட, கோவில் காய்கறிச் சந்தையாகிவிட்டது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கை தவறிட்டு பாஸ்டர்" என்றார் அப்பா, வாசலில். கை தவறாது என்று பெயரெடுத்த மனிதர். அடுத்த வாரத்திலிருந்து கீபோர்டுத் தம்பி வாசிக்கட்டும் என்று போதகர் மரியாதையாகவே சொல்லிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஒரு ஆரஞ்சை உரித்து முதல் சுளையை அப்பாவுக்குக் கொடுத்தாள். எப்போதும் அது எனக்குத்தான் வரும். எல்லாவற்றையும் கெடுத்தவருக்கு இது வேறா என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எனக்கு முன்னால் ஒரு அக்கா பிறந்து தொட்டில் வயதிலேயே போய்விட்டாள் என்பதும், அவளைப் புதைத்தபோது குழியருகே நின்று பாடியது போதகர் வாசிக்கச் சொன்ன அந்த மெட்டில்தான் என்பதும் எனக்கு மீசை முளைத்த பிறகே தெரியவந்தது. அன்று பஸ்ஸில் எனக்குத் தெரிந்ததெல்லாம் என் சுளை போனது மட்டும்தான்.