மைதானத்தின் பெயரை விற்ற கதை

காலிச் சுவரை விற்பது சுலபம், காலி மனையை விற்பது அதைவிடச் சுலபம். வெறும் பெயரை விற்கிற பிழைப்பு மட்டும் எதிரிக்குக்கூட வரக் கூடாது. தொண்ணூற்று மூன்றில் திண்டிவனத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே விளம்பர ஏஜென்சி என்று போர்டு மாட்டி உட்கார்ந்தவள் நான். சுவர், பஸ்ஸின் பின்பக்கம், தியேட்டர் ஸ்லைடு, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. "முதலாளி சாப்பிடப் போயிருக்காரு" என்கிற பதிலை முதலாளியின் வாயிலிருந்தே கேட்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நமக்குள் பேச வேண்டிய விஷயம்.

பாதர் கேட்ட கேள்வி

நான் பிறந்து வளர்ந்தது விழுப்புரத்தில், ஒரு பழைய கல்லூரியின் கால்பந்து மைதானத்துக்குப் பின்தெருவில். வெள்ளைக்காரன் காலத்து மைதானம். ஒரு பக்கம் முழுக்கக் கருங்கல் கேலரி. எங்கள் வீட்டு ஓடு உடையாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பந்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் போய், கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்று முழு ஆட்டத்தையும் பார்த்துவிட்டு வருவேன். ஜெபமாலை சொல்லத் தெரிவதற்கு முன்பே எனக்குக் கார்னர் கிக் என்றால் என்னவென்று தெரியும்.

இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய ஒரு வருடம் அந்தக் கேலரி விரிசல் விட்டது. என்ஜினியர் வந்து பார்த்து, யாரும் ஏறக் கூடாது என்று கயிறு கட்டிவிட்டுப் போனார். பழுது பார்க்க நிர்வாகத்துக்கு வசதியில்லை. மழைக்காலத்துக்குள் வழி பிறக்காவிட்டால் மைதானத்தைக் குத்தகைக்கு விட்டு ஷாப்பிங் காம்ப்ளக்ஸ் கட்டவிடுவது என்று கமிட்டியில் பேசி முடித்துவிட்டார்கள். பிரின்சிபாலாக இருந்த பாதருக்கு மனசு கேட்கவில்லை. வெளிநாட்டில் ஸ்டேடியத்தின் பெயரையே விற்கிறார்கள் என்று எங்கோ படித்துவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார். மைதானத்துக்குப் பத்து வருடம் பணம் போடுகிறவர் சொல்லும் பெயர். பதிலுக்குக் கேலரியைச் சீர்செய்து தர வேண்டும். "நம்ம ஊர்ல இதை எவன் பாதர் வாங்குவான்?" என்றேன். அவர் சிரிக்காமல் கேட்டார்: "இத்தினி வருஷமா அடுத்தவன் சுவத்தையெல்லாம் வித்துக்கினு இருக்கியே ஸ்டெல்லா, உன் வீட்டு ஓட்டை உடைச்ச கிரவுண்டை விக்க மாட்டியா?"

நாலு எல்லை

பளபளவென்று ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் அச்சடித்துக்கொண்டு முதலில் போனது திண்டிவனத்து ரைஸ் மில் முதலாளியிடம். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "நாளைக்குக் காத்தாலயே கிரவுண்டுக்கு வந்துடுங்க" என்று வழியனுப்பினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் போனால் அவருடன் ஒரு சர்வேயர், சங்கிலி, ரெண்டு ஆட்கள். கோல் போஸ்டில் ஆரம்பித்து அளந்துகொண்டிருந்தார்கள். பட்டாவும் வில்லங்கச் சான்றிதழும் எங்கே என்று என்னிடம் கேட்டார்கள்.

நான் மெதுவாக விளக்கினேன். நிலம் கல்லூரியுடையது, எழுதப்போகிற பெயர் மட்டும்தான் உங்களுடையது என்றேன். அவருக்குக் கோபம்கூட வரவில்லை, என்னைப் பார்த்துப் பரிதாபம்தான் வந்தது. காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொன்னார்: "நெலமும் காலேஜிது, கேலரியும் காலேஜிது, பந்தும் காலேஜிது. நான் இன்னா மேடம், காத்தையா கிரயம் பண்ணிக்கினு போறது?"

கிழக்கு பார்த்த கோல்

விழுப்புரத்து நகைக்கடைக்காரர் உடனே சரி என்றார். அன்றைக்கு நான் வீட்டுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். அவசரப்பட்டுவிட்டேன். இரண்டாம் நாள் அவர் வாஸ்து பார்ப்பவரோடு மைதானத்துக்கு வந்தார். வாஸ்துக்காரர் திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்து நடுக்கோட்டில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரு கோல் வடக்கு பார்க்கிறது, பரவாயில்லை. இன்னொன்று தெற்கு பார்க்கிறது, கடைக்கு ஆகாது என்றார். ரெண்டையுமே கிழக்கு பார்த்து வைத்துவிட்டால் அமோகமாக இருக்குமாம்.

"ஐயா, ரெண்டு கோலும் எதிரெதிரா இருந்தாத்தான் ஆட்டமே. ஒரே பக்கம் பார்த்து வச்சா ரெண்டு டீமும் ஒரே பக்கம்தான் ஓடணும்" என்று தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினேன். நகைக்கடைக்காரர் அந்தக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மனசாரக் கேட்டார்: "ஒரே பக்கமா ஓடுனா சண்டை சச்சரவு வராது, நல்லதுதானேம்மா?"

பந்தின் தோல்

செஞ்சிப் பக்கம் ஒரு ஜைன வியாபாரி, வேர்க்கடலை மண்டி, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை மண்டி வைத்திருப்பவர். போகிற இடத்தில் சும்மா பேசாமல் பந்தைக் கையில் கொடுத்துப் பேசினால் மனசு இளகும் என்று எனக்கு நானே ஒரு யோசனை சொல்லிக்கொண்டு, கல்லூரிப் பந்து ஒன்றைக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "தோலாம்மா?" என்றார். இத்தனை வருடம் பந்து பார்க்கிறேன், அது எதனால் ஆனது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அங்கிருந்தே கல்லூரி பி.டி. மாஸ்டருக்குப் போன் போட்டேன். இப்போதெல்லாம் தோல் கிடையாது, செயற்கைதான் என்று அவர் ஸ்பீக்கரில் சத்தியம் செய்த பிறகே பெரியவர் பந்தை வாங்கினார். வாங்கியவர் லேசில் திருப்பித் தரவுமில்லை, மடியில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். பெயர் விஷயத்துக்கு வந்தபோது சொன்னார்: "வருஷா வருஷம் இதே மாதிரி தோல் இல்லாத பந்தா நான் வாங்கித் தர்றேன். பேரு மட்டும் வேணாம்மா, மல்லாட்டை மூட்டை மேலயே என் பேரை நான் போடறதில்ல."

போர்டில் இல்லாத பெயர்

கோட்டக்குப்பம் பஷீர் பாய் வளைகுடாவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்து ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். இளவயதில் எங்கள் மைதானத்தில் வந்து ஆடியவர். கேலரி விரிசல் விட்ட கதையைச் சொன்னதும் முகமே மாறிவிட்டது. ஷாப்பிங் காம்ப்ளக்ஸ் என்றதும் எழுந்து நின்றுவிட்டார். இவர்தான், இவரை விட்டால் வேறு ஆள் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் ஆங்கிலப் புத்தகத்தை விரித்து, உங்கள் பெயர் எத்தனை அடி உயரத்தில் வரும் தெரியுமா என்று ஆரம்பித்ததும் உட்கார்ந்துவிட்டார். "சொந்தப் பேரை பெருசா எழுதி நாமளே பார்த்துக்கினு நிக்கறது எனக்கு ஆவாதும்மா. என் கடை போர்டுலயே என் பேரு கிடையாது, வெளிய போயி பாரு."

போய்ப் பார்த்தேன். 'ஹார்டுவேர்' என்று மட்டும்தான் இருந்தது.

டியூப் லைட்

அந்த வாரம் முழுக்க வானம் மூடிக்கொண்டே இருந்தது. மழை வந்தால் என் கெடு முடிந்தது. திருவாமாத்தூரில் ஒரு சுவர் பேசி முடிக்க என் பெயின்டர் கோவிந்தனோடு போயிருந்தேன். தூறல் போட்டதால் கோயில் மண்டபத்தில் ஒதுங்கினோம். மேலே ஒரு டியூப் லைட். அதில் 'உபயம்' என்று ஆரம்பித்து, தாயார் பெயர், ஊர், மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று கறுப்பு எழுத்து. வெளிச்சம் இரண்டு முனையிலும் விரற்கடை அளவுக்குத்தான் கசிந்தது.

"லைட்டைக் கொடுத்து இருட்டையும் கொடுத்திருக்காங்க பாரு" என்று சிரித்தேன். கோவிந்தன் சிரிக்கவில்லை. அவனும் இந்த மாதிரி நூற்றுக்கணக்கில் எழுதியவன். "வெளிச்சத்துக்கா அக்கா தர்றாங்க? தன் பேரை எழுதச் சொல்றவன் எழுத்துக்கு எவ்ளோன்னு பேரம் பேசுவான். அம்மா பேருன்னா, இன்னும் பெருசாப் போடுப்பான்னு கெஞ்சுவான்."

கமிட்டியில் ஒரு கேள்வி

ஆங்கிலப் புத்தகத்தைக் கட்டோடு பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு மறுபடி கோட்டக்குப்பம் போனேன். "பாய், உங்க பேரு வேணாம். இது உபயம். யாரு பேர்ல செய்யறீங்க?" என்று மட்டும் கேட்டேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவருடைய அம்மா கதீஜா பீவி, பையன் பந்தாடப் போகக் கூடாது என்று மேட்ச் அன்றைக்கு ஷூவைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிவிடுவாராம். அவர் ஈர ஷூவோடு பஸ் ஏறி வந்து ஆடுவாராம். அம்மாவுக்கு வயது எண்பது, இப்போதும் வீட்டில் அந்தம்மா சொல்வதுதான் சட்டம். அந்தப் பெயரைத்தான் போட வேண்டும் என்றார். கேலரி மட்டுமில்லை, சுற்றுச்சுவரையும் சேர்த்துக் கட்டித் தருவதாகச் சொன்னார்.

கமிட்டியில் ஒருவர் முட்டுக்கட்டை போட்டார். பெண் பெயர் வைத்த மைதானத்தில் எவன் வந்து பந்தாடுவான், ஊரே சிரிக்கும் என்றார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். நான் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "நம்ம காலேஜ் வாசல்ல நிக்கிற மாதா யாரு சார்? தினமும் அந்தம்மாவைக் கும்பிட்டுட்டுத்தானே உள்ள வர்றீங்க?"

தீர்மானம் நிறைவேறியது.

முதல் மேட்ச்

அடுத்த வருடத்துப் பெருமழைக்கு முன்பே கேலரி எழுந்துவிட்டது. 'கதீஜா பீவி கால்பந்து மைதானம்' என்று கோவிந்தன் ஆள் உயரத்துக்கு எழுதினான், பேரம் பேசாமல். முதல் மேட்சுக்குக் கேலரியில் கடுகு போட இடமில்லை. அந்த எழுத்தை அண்ணாந்து பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கப்படாமல் அழுதேன். கதீஜா பீவி வெள்ளைப் புடவையில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் நம்ம பக்கம் என்று மட்டும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

பாதி ஆட்டம் தாண்டியும் எங்கள் கல்லூரி ஒரு கோல் பின்தங்கித்தான் இருந்தது. கேலரி அமைதியாகிவிட்டது. பஷீர் பாய் தலையில் கை வைத்துவிட்டார். அப்போது அந்தம்மா என் தோளைப் பிடித்து எழுந்து நின்றார். கோட்டோரம் பந்தோடு ஓடிவந்த எங்கள் கேப்டனைப் பார்த்து, மைதானம் முழுக்கக் கேட்கிற குரலில் கத்தினார்: "என் பேரை இம்மாம் பெருசா எழுதி வச்சுட்டுத் தோக்கறதுக்காடா ஓடறீங்க? ஜல்தியா கோலைப் போடுங்கடா, எனக்குத் தொழுகைக்கு நேரமாவுது!"

அடுத்தடுத்து மூன்று கோல் விழுந்தது என்பதையும், அந்தம்மா நேரத்தோடு தொழுகைக்குப் போய்ச் சேர்ந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடத்தில் நான் விற்ற பெயர்களில், எழுந்து நின்று மேட்சையும் ஜெயித்துக் கொடுத்த பெயர் அது ஒன்றுதான்.