பூக்கூடையில் கிடந்த வாஷர்

இந்த வயதிலும் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேனே, இந்த ஊர் சுற்றும் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று பிள்ளைகள் கேட்கும். ஒரு பம்ப் கெட்டதால் என்று சொன்னால் சிரிக்கும். சிரித்தால் சிரிக்கட்டும், உண்மை அதுதான்.

முதல் ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. ரங்கூனில் அலோன் பக்கம், ஆற்றை ஒட்டி எங்கள் வீடு. அப்பா ரயில்வேயில் பம்ப் ஃபிட்டர். அந்தக் காலத்து எஞ்சின் மாடு தோற்கும்படி தண்ணீர் குடிக்கும். அதற்காக வழிநெடுகக் கிணறும், மேலே தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்பும் உண்டு. எங்கே பம்ப் நின்றாலும் அப்பா போக வேண்டும். அதற்கென்றே அவருக்கு ஒரு கேம்ப் வண்டி கொடுத்திருந்தார்கள். கேம்ப் வண்டி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். சாமான் ஏற்றுகிற பழைய ரயில் பெட்டி ஒன்றில் ஜன்னல் வெட்டி, படுக்கப் பலகை அடித்து, ஒரு மூலையில் அடுப்பும் இன்னொரு மூலையில் தண்ணீர்ப் பீப்பாயும் வைத்தது, அவ்வளவுதான். அதைக் கூட்ஸ் ரயிலின் வாலில் கோத்துவிடுவார்கள். போக வேண்டிய ஊர் வந்ததும் கழற்றி, ஓரத்துத் தண்டவாளத்தில் தள்ளிவிட்டு ரயில் போய்விடும்.

அப்புறம் எங்கள் ராஜ்யம்! அப்பா வேலையை முடித்தாலும், திரும்பிப் போகிற கூட்ஸ் ஒன்று மனசு வைத்து எங்களைக் கோத்துக்கொண்டால்தான் ரங்கூன். அது இன்று வருமா நாளை வருமா என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கே தெரியாது. வராவிட்டால் எங்களுக்கு என்ன போச்சு? காலையில் கண் விழித்தால் ஜன்னலுக்கு வெளியே வேறு ஒரு ஊர். சந்தைக்குப் போய் நூடுல்ஸைக் கையால் பிசைந்து புளித்தண்ணீர் ஊற்றித் தருகிற அத்தோ வாங்கித் தின்போம். பர்மாக்காரப் பிள்ளைகளைப் பார்த்து நானும் கன்னத்தில் தனக்காச் சந்தனம் அப்பிக்கொள்வேன். நெல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு ஊர்க்கோடி வரை போய், இறங்கி நடந்து வருவேன். யாரும் தேட மாட்டார்கள். எங்கே போனாலும் தண்டவாளத்தின் மேல் நிற்கிற வீட்டைத் தவற விட முடியாதே.

இந்தப் பயணங்களில் சித்தியும் சேர்ந்துகொண்டது அம்மாவின் இடுப்பு வலியால். சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் பெரியப்பாதான், அதாவது அப்பாவின் அண்ணன்தான், அவளை அலோன் துறையில் தன்னிடம் வேலை பார்த்த ஒருவருக்குக் கட்டிவைத்தார். கட்டிக்கொண்டவர் ஒரு வருஷம் முழுதாக இல்லை. காய்ச்சலில் போய்விட்டார். அன்றிலிருந்து சித்தி வெள்ளைச் சேலையும் வெறும் நெற்றியுமாக எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருந்தாள். இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு என்ன செய்ய விட்டார்கள் அவளை? பெரியப்பா துறைமுகத்தில் ஆள் கட்டி வேலை வாங்குகிற மேஸ்திரி, வீட்டிலும் அவர் வைத்ததுதான் சட்டம். ஐப்பசி கழிந்ததும் சித்தியைக் கப்பல் ஏற்றி, தஞ்சாவூர்ப் பக்கம் இருந்த மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று அவர் முடிவு செய்திருந்தார். அந்த வீட்டில் ஏற்கெனவே இரண்டு பேர் வெள்ளைச் சேலையில் இருந்தார்களாம். மூன்றாவதாக ஒரு மூலை சித்திக்கு. கப்பல் பேச்சு எடுத்தாலே அம்மா எழுந்து போய்விடுவாள்.

அப்படி இருக்கையில்தான் அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வண்டியில் சமைக்க ஆள் வேண்டும், தங்கை வரட்டும் என்றார் அப்பா. பெரியப்பா உறுமினாரே தவிரத் தடுக்கவில்லை. அதிசயமான வலி அது. ரங்கூனில் அம்மாவைக் குனிய விடாது. கூட்ஸ் கிளம்பி இரண்டு ஸ்டேஷன் தாண்டினால் போன இடம் தெரியாது.

முதல் தடவை நாங்கள் போய் இறங்கியது புரோம் போகிற ரயில் பாதையில் ஒரு சின்ன ஊர். அதன் பெயர் என் வாயில் நுழையவில்லை. பம்ப் ஊர் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். அங்கே பம்ப் ஓட்டுகிற டிரைவருக்கு அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி. முழங்கால் வரை மடித்துக் கட்டிய லுங்கி, கையெல்லாம் எண்ணெய், பேசுவதற்கு முன்னாலேயே சிரிக்கிற முகம். பம்ப் மாமா என்று கூப்பிட்டேன். அவருடைய அம்மா புத்தர் கோயில் படிக்கட்டில் பூ விற்றாள். வாயில் கைப்பிடி தடிமனில் ஒரு சுருட்டு, கொண்டையில் வகை வகையாகப் பூ.

நாங்கள் கோயிலுக்குப் போன அன்று அந்த அம்மாள் சித்தியை மேலும் கீழும் பார்த்தாள். பர்மாவில் குமரியிலிருந்து கிழவி வரை பூ வைக்காத பெண் தலை ஏது? பூ வாங்கக் காசில்லாத பெண் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டாள் பாவம். எழுந்து வந்து, கேட்காமல் கொள்ளாமல், ஒரு கொத்து மல்லிகையைச் சித்தியின் தலையில் செருகிவிட்டாள்.

“ஐயையோ!” என்று அம்மா பதறினாள். “அவளுக்கு வைக்கக் கூடாதும்மா. புருஷன் போயிட்டாரு.”

அந்த அம்மாளுக்கு விளங்கவே இல்லை. சுருட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, தன் புருஷனிடம் கற்ற தமிழில் சொன்னாள்: “என் புருஷனும் போயிட்டாரு. அதுக்கும் பூவுக்கும் என்னா? அவருக்கு என் தலையிலே பூ இருந்தா ரொம்பப் பிடிக்கும்.”

சித்தியின் கை பூவை எடுக்கத் தலைக்குப் போனது. போனது அங்கேயே நின்றுவிட்டது. பம்ப் மாமா கொஞ்சம் தள்ளி, கையில் அப்பாவின் ஸ்பானரை வைத்துக்கொண்டு, எதற்கு வந்தோம் என்று மறந்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். அம்மா சித்தியைப் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள். சித்தி பூவோடுதான் வண்டிக்குத் திரும்பினாள். ரங்கூன் திரும்புகையில், ஊர் எல்லையில் இன்சின் ஸ்டேஷன் வந்ததும் பூவை எடுத்து ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் பம்புக்கு என்ன கேடு பிடித்ததோ! நாங்கள் ரங்கூன் போய்ச் சேர்ந்து துணி துவைத்துக் காயப் போடுவதற்குள் தந்தி வந்துவிடும், பம்ப் நின்றுவிட்டது என்று. எஞ்சின்கள் அடுத்த ஸ்டேஷனில் தண்ணீர் பிடித்துக்கொண்டதால் ரயில்வேக்காரர்கள் அலறவில்லை. அப்பாவும் அலுத்துக்கொள்ளவில்லை. மற்ற ஊர்களில் பொழுது சாய்வதற்குள் வேலையை முடிக்கிறவர், இந்த ஊரில் மட்டும் நட்டைக் கழற்றுவார், மாட்டுவார், மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். எனக்குக் கொண்டாட்டம். அந்த ஊரின் நாய்களுக்கெல்லாம் என்னைத் தெரிந்துபோயிற்று. சித்தியும் பூக்கார அம்மாளும் படிக்கட்டில் உட்கார்ந்து பூக் கட்டுவார்கள். பம்ப் மாமா அடிக்கடி அந்தப் பக்கம் எண்ணெய் துடைக்கத் துணி தேடிக்கொண்டு வருவார். துணி பம்ப் அறையில்தான் இருக்கும். அதைக்கூட நினைவில் வைக்கத் தெரியாத மனுஷன்! சித்தி பல் தெரியச் சிரிப்பாள். ஒவ்வொரு தடவையும் தலையில் பூ. ஒவ்வொரு தடவையும் அது இன்சினில் ஜன்னல் வழியாகப் போகும்.

ஒருநாள் பூக்கூடைக்குள் கையை விட்டேன். அடியில் தட்டையாக ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் பம்புக்குள் போடுகிற தோல் வாஷர், புத்தம் புதுசு. அது இல்லாமல்தான் அந்தத் தடவை பம்ப் நின்றிருந்தது. எனக்குத் தலை கால் புரியவில்லை. ஓடிப்போய் அப்பாவிடம் கொடுத்தேன். “அட, கிடைச்சிருச்சா? கெட்டிக்காரி” என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். வாஷர் கிடைத்த பிறகாவது பம்ப் ஓடியதா என்றால் அதுதான் இல்லை. மேலும் இரண்டு நாள் ஆயிற்று.

புரட்டாசியில் பெரியப்பா கப்பல் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஜிலேபிப் பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். அப்பா வீட்டில் இல்லை. சித்தி பின்கட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

“ஏண்டி குட்டி, அது எப்படி ஒரே பம்ப் இத்தனை தடவை கெடுது?”

கேட்கவா வேண்டும்! அந்தக் குறை என் நெஞ்சிலும் இருந்ததே. கொட்டிவிட்டேன். அந்தப் பம்ப் மாமாவுக்கு வேலையே தெரியாது பெரியப்பா, வாஷரைக் கழற்றிப் பூக்கூடையில் போட்டுவிட்டு மறந்துபோகிறார், சித்தி தலைக்குப் பூ எடுக்கப் போன நான்தான் கண்டுபிடித்தேன், துணி எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது, அப்பாவும் அவரை ஒரு வார்த்தை திட்ட மாட்டேன் என்கிறார், நீங்களாவது எழுதிப் போடுங்கள் என்று மூச்சு விடாமல் சொன்னேன். கதவுக்குப் பின்னால் அம்மாவின் வளையல் ஒருதரம் சத்தம் போட்டு அடங்கியது.

பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்தார். எனக்கு ஜிலேபி மேல் கண்.

“உங்க சித்தி அங்கே சிரிக்கிறாளா?” என்றார்.

“நல்லாச் சிரிக்குது. இங்கேதான் சிரிக்காது” என்றேன்.

பொட்டலத்தை அப்படியே என் மடியில் வைத்துவிட்டு எழுந்து துறைமுகத்துக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமையில் அவருக்கு அங்கே என்ன வேலை? அம்மா வந்து என்னைப் பிடித்து உலுக்கினாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்று சாயங்காலம் வரை வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு தந்தி வந்தாலும் அப்பா சித்தியைக் கூட்டிப்போகப் பயந்தார். தனியாகப் போய், ஒரே நாளில் பம்பை ஓட்டிவிட்டு வந்தார். ஐப்பசியும் பிறந்தது. அம்மா சித்தியின் சேலைகளை மடித்து மடித்துப் பெட்டியில் வைப்பாள், திரும்ப எடுத்து மடிப்பாள். ஒரு மத்தியானம் பெரியப்பாவும் அப்பாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா இலையிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்:

“என்னடா, இந்த மாசம் அந்தப் பம்ப் கெடலியா?”

அப்பாவுக்குப் புரை ஏறிவிட்டது. அம்மா கையில் இருந்த ரசக்கரண்டி கீழே விழுந்தது.

“கப்பல் சீட்டைத் திருப்பிக் கொடுத்தாச்சு” என்றார் பெரியப்பா. “நான் ஒரு தடவை பார்த்து வச்சது போதும். எல்லாருமாப் போய்ப் பம்பைச் சரி பண்ணிட்டு வாங்க. அந்தப் பூக்காரம்மாகிட்ட நான் கேட்டதாச் சொல்லு. மோர் ஊத்தும்மா.”

ஒரு பம்பைப் பற்றிக் கேட்டதற்கு வீடே ஏன் அழுதது என்று எனக்குப் புரியவில்லை. பின்கட்டில் அரிசி புடைக்கிற முறத்தின் சத்தம் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். சித்தி அதே முறத்தில் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள்.

பம்ப் ஊரில் எங்கள் கேம்ப் வண்டியின் வாசலில் வாழைக்கன்று கட்டி, சித்திக்குக் கல்யாணம் நடந்தது. பூக்கார அம்மாள் அன்று மட்டும் சுருட்டை அணைத்துவிட்டு நின்றாள். திரும்புகையில் வண்டியில் சித்தி இல்லை. இன்சின் வந்தபோது அம்மா, வழக்கம் போல, ஜன்னலைப் பார்த்தாள். பிறகு தன் தலையில் இருந்த பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அதன் பிறகு அந்தப் பம்ப் கெடவே இல்லை. கார்த்திகை போனது, பொங்கல் வந்தது, ஒரு தந்தி கிடையாது. சித்தி போய் அவருக்கு வேலை கற்றுக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். எங்கள் சித்தி எதிலும் சமர்த்து. ஆனால் அந்த ஊர் அத்தோவும் மாட்டு வண்டியும் எனக்குப் போயிற்றே! பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் கண்ணை இறுக்கி மூடி, சத்தமாகவே வேண்டிக்கொண்டேன்: “பிள்ளையாரப்பா, அந்தப் பம்ப் ஒரே ஒரு தடவை கெட்டுப்போகட்டும்.”

அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். “அது இனிமே கெடவே கூடாதுடி” என்றவளின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. முகமோ சிரித்துக்கொண்டிருந்தது. போயும் போயும் ஒரு பம்புக்காகவா இப்படி என்று நான் அம்மாவை அண்ணாந்து பார்த்தபடி நின்றேன்.