கோணலாக ஓடிய நாடா

எங்கள் விசைத்தறியில் நாடா கோணலாக ஓடுகிறது என்று கண்டுபிடித்தவன் நான்தான். ஊடை நூலைச் சுமந்துகொண்டு பாவு நூல்களுக்கு நடுவே நேராக ஓட வேண்டிய கட்டை அது. இடமிருந்து போகும்போது என்னை விட்டு விலகிப் போனது. வலமிருந்து திரும்பும்போது வளைந்து என் நெஞ்சுக்கு வந்தது. இரண்டு முனையிலும் இரும்பு. தறியை விட்டுப் பறந்தால் பல் போகும். எனக்குப் பயமாக இருந்தது.

இளம்பிள்ளையில் வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் இரண்டு தறி. ஒன்றில் நான், ஒன்றில் மனைவி. எனக்கு வேறு தொழில் தெரியாது. முதலில் நாடாவை மாற்றினேன். பிறகு அதை அடித்துத் தள்ளும் கட்டையை, பிறகு தோல் வாரை. கடைசியாக மெக்கானிக் வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு டீ குடித்தார்.

"தறி நேராத்தானுங்க இருக்குது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார்.

கோபம் வந்தது. அவரை இனிக் கூப்பிடுவதில்லை என்று முடிவெடுத்தேன். பிறகு மனைவியின் தறிக்கு முன்னால் போய் நின்றேன். அங்கேயும் அதே வளைவு. ஆகவே இரண்டு தறியும் கெட்டுவிட்டன என்று அறிவித்தேன். இப்படி யோசிக்க இருபது வருட அனுபவம் வேண்டும்.

"ஏனுங்க, எனக்கு நேராத்தானே போவுது?" என்றாள் மனைவி.

"உனக்குப் பாக்கத் தெரியல."

அவள் அறுந்த நூலை முடிந்தாள்.

அன்று மதியம் இடது கண்ணில் பஞ்சுத் தூசி விழுந்தது. துண்டால் பொத்திக்கொண்டு தறியைப் பார்த்தேன். நாடா நேராக ஓடியது. துண்டை எடுத்தேன். வளைந்தது. வலது கண்ணைப் பொத்தினேன். மங்கலாகத் தெரிந்தது, ஆனால் நேராக ஓடியது. தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். சில மாதம் முன்பு அந்த இடது கண் வலித்து மங்கியிருந்தது. மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி விட்டேன். வலி போனது. கண் சரியாகிவிட்டது என்று நானே தீர்ப்பும் சொல்லியிருந்தேன்.

சேலத்தில் கண் டாக்டர் ஒரு சாவியை நூலில் கட்டி இடமும் வலமுமாக ஆட்டினார். எனக்கு அது வட்டமடித்தது. கூட வந்த மனைவிக்கு வெறுமனே ஆடியது.

"கண்ணு வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் சேத்து வச்சுத்தான் மூளைக்குச் சொல்லுங்க" என்றார் டாக்டர். "உங்க இடது கண்ணு நரம்பு அடிபட்டிருக்குது. அது லேட்டாச் சொல்லுது. வலது கண்ணு நாடா இப்ப இருக்கற எடத்தைச் சொல்லும், இடது கண்ணு முன்ன இருந்த எடத்தைச் சொல்லும். மூளை ரெண்டையும் சேத்து வளைவாக்கிடுது."

நரம்பு தேறலாம், முழுக்கத் தேறாமலும் போகலாம் என்றார். அதுவரை நல்ல கண்ணுக்கு மட்டும் கறுப்புக் கண்ணாடி. வெளிச்சம் குறைந்தால் அதுவும் தாமதிக்கும், இரண்டும் ஒத்துப்போகும். ஒழுங்காக வேலை செய்பவனையும் மெதுவாக்கிவிடுவது ஒரு வைத்தியம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"தறி ஓட்டலாமுங்களா?"

"கண்ணாடி போட்டுட்டு ஓட்டிப் பாருங்க. ரோட்டுலதான் சாக்கிரதை. வர்ற வண்டி எங்க இருக்குதுன்னு கண்ணு தப்பாச் சொல்லும்."

வெளியே வந்தோம். என் மனைவி எப்போதும் என்னைவிட இரண்டடி பின்னால்தான் நடப்பாள். எங்கள் பக்கம் அப்படித்தான். அன்று முன்னால் வந்து என் கையைப் பிடித்தாள். கல்யாணத்தன்று பிடித்தது, அதற்குப் பிறகு வெளியிடத்தில் பிடித்ததாக நினைவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "இருங்க, வண்டி வருது" என்றாள்.

வண்டி வெகு தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. அது எனக்கே தெரிந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டு நின்றேன்.